மச்சினன் மார்பில் ஒரு கணக்குப்பிள்ளை!

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரும் கையுமாக, காபியின் இரண்டாவது டோஸுக்காகக் காத்திருந்தேன். (இந்த 'டோஸ்' என்கிற வார்த்தை பின்னால் என்னை எப்படிப் படுத்தப்போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

"என்னங்க, இது என்ன?" என்று வாஷிங் மெஷின் பக்கமிருந்து மனைவியின் குரல்.

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து எடுத்ததாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. பின்னால் கிளிப். உள்ளே ஒரு தகடு, ஒரு நம்பர். சட்டை என்னுடையது இல்லை. எங்களோடு தங்கி பிசிக்ஸில் ஆராய்ச்சி பண்ணும் மச்சினனுடையது.

பாத்ரூமிலிருந்து வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான் அவன். "அக்கா! தண்ணியில போட்டுடாதே! அது ரேடியேஷன் பேட்ஜ்!"

அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "ரேடியேஷனா! அதைக் கொண்டுவந்து வீட்டுல போட்டிருக்கியே, பச்சைக் குழந்தை நடமாடுற இடத்துல?" என்று பதறிப் போய் என் பையனைத் தூக்கிக்கொண்டார். (பச்சைக் குழந்தைக்கு ஒன்பது வயசு!)

"அம்மா, அதுல ரேடியேஷன் எதுவும் இல்லை. என் மேல எவ்வளவு படுதுன்னு அது கணக்கு எடுக்கும். அவ்வளவுதான்."

"அப்போ தாயத்து மாதிரியா? உன்னைக் காப்பாத்துமா?"

"காப்பாத்தாதும்மா. காட்டிக் கொடுக்கும்!"

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். நான் பி.காம். பிசிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். ஆனால் கணக்கு எடுக்கும், காட்டிக் கொடுக்கும் என்றால், அட, அது எங்க ஆள்! ஆடிட்டர் ஜாதி!

*

அடுத்த வாரமே அவனோடு லேபுக்குக் கிளம்பிவிட்டேன். (எந்த கல்வி நிலையம் என்று கேட்காதீர்கள். அவன் இன்னும் தீஸிஸ் கொடுக்கவில்லை!)

கதவில் மஞ்சள் போர்டு. மூன்று இறக்கை ஃபேன் மாதிரி ஒரு சின்னம். உள்ளே பீரோவுக்கும் டெலிபோன் பூத்துக்கும் பிறந்த பிள்ளை போல ஒரு மெஷின். முன்னால் ஈயம் கலந்த கண்ணாடிக் கதவு. உச்சியில் சிவப்பு விளக்கு.

"இதுல யாரைப் படுக்க வெச்சு எக்ஸ்ரே எடுப்பீங்க?" என்றேன்.

"இதுல ஆளை எடுக்கறதில்லை மாமா. பவுடரை எடுக்கறோம்" என்றான்.

விபூதி மாதிரி கொஞ்சம் பொடியைக் கண்ணாடித் தகட்டில் தடவி உள்ளே வைக்கிறார்கள். அதன் மேல் மெல்லிசான எக்ஸ்ரே கதிர் போய் விழுகிறது. எந்தெந்தக் கோணத்தில் சிதறி வெளியே வருகிறது என்று அளந்தால், உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். மாத்திரையோ சிமெண்ட்டோ களிமண்ணோ துருவோ, எதைக் கொடுத்தாலும் ஜாதகம் கணித்துக் கையில் கொடுத்துவிடும்.

சும்மா இல்லை. 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் ஒரு விஷயத்தைச் சொன்னார். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் முப்புரிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று. அதை அவர்கள் கண்டுபிடித்தது எக்ஸ்ரே கதிர் சிதறிய படங்களை வைத்துத்தான். கிண்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு கும்பிடு போடலாம்!

"சரி, ஆபத்து எங்கே இருக்கு?"

"விரல்ல மாமா."

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உடம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போனால்தான் படம் விழும். இந்த மெஷினின் கதிருக்கு அவ்வளவு துளைக்கும் சக்தி கிடையாது. செப்பு உலோகத்திலிருந்து கிளம்பி வரும் சாதுவான ரகம். ஆனால் அந்த சாதுத்தனம்தான் வம்பு! ஆழமாகப் போகாமல், சுமந்து வந்த சக்தி அத்தனையையும் தோலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகும். கதிரோ ஊசி மாதிரி மெல்லிசு. குழாய் வாசலில் அதன் உக்கிரம் பயங்கரம். மெஷின் ஓடும்போது கதிரின் பாதையில் விரலைச் சில விநாடி வைத்தாலே போதும், வெந்துவிடும்.

அதிலும் பாருங்கள், தோசைக்கல்லில் கை பட்டால் 'ஆ' என்று உடனே இழுத்துக்கொள்கிறோம். இதில் சுடாது. குத்தாது. வாசனை கிடையாது. எதுவுமே நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். சில மணி நேரமோ, சில நாளோ கழித்துத்தான் விரல் சிவக்கும். கொப்புளம் வரும். ரொம்ப மோசமானால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.

என் மாமியாருக்காக ஒரு சந்தேகம் கேட்டேன். "மெஷினை ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே ரேடியேஷன் இருக்குமா?"

"லைட்டை அணைச்ச பிறகு ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா மாமா? அதே மாதிரிதான்."

ஸ்விட்சை அணைத்தால் எக்ஸ்ரே போச்சு. பொடியிலோ சட்டையிலோ ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. 2010ல் டில்லி மாயாபுரியில் ஒருவர் உயிரைக் குடித்தது வேறு சமாச்சாரம். அது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். டில்லிப் பல்கலைக்கழகம் உபயோகிக்காமல் வைத்திருந்த பழைய கருவி ஏலத்தில் போய், காயலான் கடைக்கு வந்து, பிரித்தபோது நடந்த விபரீதம். கோபால்ட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. எக்ஸ்ரே மெஷினுக்கு உண்டு. ஆகவே, ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதில்தான் இதன் ஜீவனே இருக்கிறது.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

*

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். மோதிரத்தோடு எலும்பு தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. ஆபத்து இருக்கும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை.

அமெரிக்காவில் எடிசனிடம் க்ளாரன்ஸ் டாலி என்று ஓர் உதவியாளர். எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கையையே நீட்டி நீட்டிப் பரிசோதிப்பார். ஒரு கை புண்ணானதும் மறு கையை நீட்டினார். கடைசியில் இரண்டு கைகளையும் வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. 1904ல் இறந்தபோது வயசு 39. அதற்குப் பிறகு எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சிப் பக்கமே போகவில்லை.

இப்படிப் போனவர்களுக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 1936ல் நினைவுத் தூண் எழுப்பினார்கள். அன்றைக்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், பிசிக்ஸ்காரர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். யாரும் எதிரி குண்டு பட்டுச் சாகவில்லை. எவ்வளவு பட்டது என்ற கணக்கு இல்லாமல் போனவர்கள்.

அந்தக் கணக்கை எழுதத்தான் மச்சினன் சட்டையில் குத்திக்கொள்ளும் டப்பா.

*

பேட்ஜின் பெயர் டி.எல்.டி. அதைப் பிரித்தால் உள்ளே ஒரு உலோகத் தகடு. அதில் பொட்டு மாதிரி மூன்று வட்டுகள். எதனால் ஆனவை என்று கேட்டால் சிரிப்பீர்கள். கால்சியம் சல்ஃபேட்! அதாவது ஸ்கூல் சாக்பீஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் டிஸ்ப்ரோசியம் என்ற தனிமம் ஒரு சிட்டிகை. இரண்டையும் டெஃப்லானில் (ஆமாம், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்குமே, அதே சரக்கு!) கலந்து வட்டாக்கியிருக்கிறார்கள். நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தயாரிப்பு. அதற்கு முன்னால் ஃபிலிம் பேட்ஜ் இருந்தது. 1975 முதல் இது வந்தது.

கதிர் பட்டால் அந்தச் சக்தியை வட்டு உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால், சூடான நைட்ரஜன் வாயுவில் காட்டுவார்கள். சூடு பட்டதும் சேமித்ததை வெளிச்சமாகக் கக்கும். வெளிச்சம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி டோஸ். மூன்று வட்டு எதற்கு? ஒன்றின் மேல் உலோகத் தடுப்பு, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்த ஜன்னல். மூன்றும் சொல்லும் கணக்கை ஒப்பிட்டால், வந்தது எந்த ரகக் கதிர் என்று தெரியும்.

இன்னொரு பேட்ஜும் உண்டு. 'கன்ட்ரோல்' என்று பெயர். யாரும் அணியாமல், கதிர் வராத இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் வருகிற கதிரை அது அளக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றவர்கள் கணக்கு. வேலை முடிந்ததும் எல்லோருடைய பேட்ஜும் அதனுடன்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. (மச்சினன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.)

உச்சவரம்பு? இருக்கிறது. 1983ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு. அளவின் பெயர் மில்லி சீவெர்ட். கதிர் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 100. எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. உங்களையும் என்னையும் போன்ற பொதுஜனத்துக்கு வருஷத்துக்கு 1. (இயற்கையாக வருவதும் டாக்டர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேயும் இதில் சேராது. இயற்கை மட்டுமே உலக சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 2.4 தருகிறது.)

என் காமர்ஸ் மூளை உடனே ஒரு பேரேடு போட்டுப் பார்த்தது. விசித்திரமான கணக்கு ஸார் இது. வரவு மட்டும்தான் உண்டு. செலவுப் பத்தியே கிடையாது. வேறு வேலைக்கு மாறினாலும் பழைய பாக்கி கூடவே வரும்.

*

லேபைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் ராத்திரி மச்சினன் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"

ஒரு பேப்பரை நீட்டினான். அவன் பேட்ஜ் ரிப்போர்ட். முந்தைய மூன்று மாதக் கணக்கு: 14 மில்லி சீவெர்ட். மூன்று மாதத்தில் 10ஐத் தாண்டினாலே விசாரணை. அவனுடைய வழக்கமான கணக்கு எப்போதும் பூஜ்யம்தான்.

மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. "கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைடா..."

"அம்மா, இது என் மேல பட்டதில்லை. பேட்ஜ் மேல பட்டது" என்று அவன் மெல்லச் சொன்னான்.

விஷயம் இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பொடியை மாற்றக் குனிந்தபோது கிளிப் தளர்ந்து பேட்ஜ் மெஷினுக்குள் விழுந்திருக்கிறது. கவனிக்கவில்லை. சனி, ஞாயிறு பூராவும் மெஷின் ஓடியது. திங்கட்கிழமை உள்ளே பார்த்து எடுத்து, தட்டித் துடைத்து, சட்டையில் மாட்டிக்கொண்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் விளக்கம் எழுத வேண்டும், கைடு திட்டுவார் என்று பயம்.

"இப்ப மட்டும் என்ன? ரூம்ல ஆணியில மாட்டி மறந்துட்டேன்னு எழுதிடறேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

எனக்கு பிசிக்ஸ் தெரியாது. ஆனால் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற புத்தி உண்டு. ஒரு கேள்வி கேட்டேன்.

"நீ குனிஞ்சப்போ மெஷின் ஆஃப்ல இருந்ததா?"

"குழாய் ஆன்லதான் இருக்கும். அடிக்கடி அணைக்கக் கூடாது. முன்னால ஒரு ஷட்டர் உண்டு, அதை மூடிட்டுக் கையை விடுவோம்."

"ஷட்டரை மூட மறந்துட்டா?"

"கதவைத் திறந்ததும் மெஷின் தானா நின்னுடும் மாமா. அதுக்கு ஒரு ஸ்விட்ச்..."

சட்டென்று நிறுத்தினான். பையன் முகம் வெளுத்தது.

அந்தக் கதவு ஸ்விட்ச் பழசு. காரணமே இல்லாமல் மெஷினை நிறுத்திவிடுமாம். ராத்திரி பூராவும் ஓடிய ஸ்கேன் பாழாகும். புது ஸ்விட்சுக்கு எழுதிப் போட்ட ஃபைல் எங்கேயோ தூங்குகிறது. ஆகவே யாரோ ஒரு புண்ணியவான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து ஸ்விட்சில் செருகி, செலோடேப் போட்டு ஒட்டிவிட்டார். மெஷினைப் பொறுத்தவரை கதவு எப்போதும் மூடியே இருக்கிறது! யார் ஒட்டியது? தெரியாது. "நான் சேரும்போதே இருந்தது" என்பார்கள் எல்லோரும்.

"நீ ஷட்டரை மூட மறந்ததே இல்லையா?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். "ஒண்ணு ரெண்டு தடவை... பாதியில ஞாபகம் வந்து கையை எடுத்திருக்கேன்."

"அது பேட்ஜ்ல ஏறலையே?"

"பேட்ஜ் மார்புல இருக்கு மாமா. கதிர் ஊசி மாதிரி. விரல்ல பட்டா மார்புக்குத் தெரியாது."

மெயின் ஆபீஸ் கணக்கு சுத்தமாக இருக்கிறது. பிராஞ்ச்சில் என்ன நடக்கிறது என்று புத்தகமே இல்லை! ஆணி கதையை எழுதியிருந்தால் ஃபைல் மூடியிருக்கும். டிக்கெட் அங்கேயே இருந்திருக்கும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினான். வெள்ளிக்கிழமை, கிளிப், டிக்கெட், மறந்த ஷட்டர், ஒன்றையும் விடவில்லை. நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

*

பாதுகாப்பு அதிகாரி வந்தார். செலோடேப்பைப் பிரித்தார். மெஷினைப் பூட்டினார். மூன்று வாரம் லேபில் மச்சினனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோடு படிக்கும் ஒரு பெண், "என் தீஸிஸ் தேதி போச்சு, உன்னாலதான்" என்று அழுதே விட்டாளாம். டாக்டர் அவன் விரல்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றுமில்லை. 14 என்பது பேட்ஜுக்கு மட்டும் கிடைத்தது, ஆளுக்கு அல்ல என்று விசாரணையில் முடிவாயிற்று. புது ஸ்விட்ச் வந்தது. (தூங்கிய ஃபைல் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே!) பொடி மாற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டில் கட்டும் பேட்ஜும் வந்தது.

மெஷினைத் திரும்ப ஓட்டிய அன்று, அங்கே வெகு நாளாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் ஒருவர் மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டாராம். வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் தோல் மெழுகு மாதிரி மினுமினுப்பு. நகம் கோணல்.

"ஆசிட் பட்டதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன் தம்பி. ஆசிட் இல்லை. பதினஞ்சு வருஷம் முன்னாடி, இதுக்கு முன்ன இருந்த மெஷின்ல. அப்போ நான் டெம்பரரி. சொன்னா வேலை போயிடும்னு பயம். வீட்டுலகூடச் சொல்லலை."

பதினைந்து வருஷம். அவருடைய பேட்ஜ் ரிப்போர்ட்டுகளில் அந்த மூன்று மாதத்துக்கும் பூஜ்யம்தான் போட்டிருக்கும்.

*

லேபிலோ, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமிலோ வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு, மச்சினன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டவை:

* பேட்ஜை மார்பில் அணியுங்கள். ஆஸ்பத்திரியில் ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. ஆணியிலோ டிராயரிலோ வைத்தால் அது ஆணியின் கணக்கையும் டிராயரின் கணக்கையும்தான் எழுதும்.

* வேலை முடிந்ததும் கன்ட்ரோல் பேட்ஜ் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். வெயில், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் மூன்றும் அதற்கு ஆகாது.

* உங்கள் பேட்ஜை அடுத்தவருக்குக் கடன் தராதீர்கள். ரேஷன் கார்டைக்கூடத் தரலாம்!

* கதவு ஸ்விட்ச், சிவப்பு விளக்கு, ஷட்டர் இவற்றில் டேப்பையோ காகிதத்தையோ பார்த்தால் மெஷினை ஓட்டாதீர்கள். யார் ஒட்டியது என்று துப்பறிவது அப்புறம்.

* குறைந்த நேரம், அதிகத் தூரம், நடுவில் தடுப்பு. இந்த மூன்றுதான் உங்களைக் காப்பாற்றும். பொதுவாகத் தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகிவிடும்.

* கர்ப்பம் என்று தெரிந்ததும் பெண்கள் உடனே சொல்லிவிட வேண்டும். வயிற்றுக் குழந்தைக்கு மிச்ச மாதங்களுக்கெல்லாம் சேர்த்து 1 மில்லி சீவெர்ட்தான் வரம்பு.

* விரல் காரணமில்லாமல் சிவந்தால் ஆசிட் என்று சொல்லாதீர்கள்.

*

இப்போதெல்லாம் மச்சினன் வெறும் பையோடுதான் வீட்டுக்கு வருகிறான். போன வாரம் மாமியார் அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கடா அந்தத் தாயத்து?" என்று கேட்டார்.

"லேப்ல வெச்சுட்டு வந்துட்டேம்மா. அது தாயத்து இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? காப்பாத்தாது, காட்டிக் கொடுக்கும்."

"அதான் காட்டிக் கொடுத்துச்சே. அதனாலதானேடா அந்த டிக்கெட்டைப் பிடுங்கினாங்க?" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் மாப்ளே, பொண்ணு வீட்டுல இதெல்லாம் சொல்லிடணும் இல்லையா? மறைக்கக் கூடாது பாருங்க" என்றார்.

சொல்லிவிட்டோம். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஆடிட்டர். ரிப்போர்ட்டையும் விசாரணை முடிவையும் இரண்டு தடவை படித்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தை மாசம் கல்யாணம்!